எஞ்சின் கொட்டிலின் திறப்பு

மகன்,

இந்தப் பந்தியை வாசித்து முடித்ததும் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு ஆற்றங்கரைக்குப் போ. எஞ்சின் கொட்டிலில் ஆதம்பாவா தனியே இருப்பார். அவரோடு போய் இரு. என்ன சொல்வது, எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டு நிற்காதே. தண்ணீர் மட்டம் பார்க்க வந்தேன் என்று சொல், வெற்றிலை இருக்கிறதா என்று கேள், எதையாவது சொல். திரும்பி வரும்போது தனியே வராதே, அவரையும் கூட்டிக்கொண்டு வா. மிச்சத்தை அதற்குப் பிறகு வாசி. அப்பாவின் கடிதத்தில் முதல் பந்திக்கு மேலே நீ வாசிப்பதில்லை என்று அம்மா எப்போதும் குறைப்படுவாள். இன்றைக்கு அந்தப் பழக்கம் நல்லதுக்குத்தான்.

போய்விட்டு வந்தாயா? போகாமலே இந்த வரிக்கு வந்திருந்தால், மனே, எழும்பிப் போ. கடிதத்துக்குக் கால் கிடையாது. எனக்கும் இப்போது ஒரு கால்தான்.

அந்தக் கால் கதையைச் சொல்லாவிட்டால், இவ்வளவு அவசரமென்றால் அப்பா தானே வராமல் ஏன் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று நீ யோசிப்பாய். போன கிழமை நான் முருங்கை மரத்தில் ஏறினேன். முருங்கை ஏறுகிற மரமில்லை என்பது மரக்காலையில் பாதி ஆயுளைக் கழித்த எனக்குத் தெரியாததல்ல. அம்மா கீழே நின்று, "இறங்குங்க, அது முறியும்" என்றாள். "எந்த மரம் முறியும், எது முறியாதெண்டு எனக்குப் படிப்பிக்காத" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, கொப்பும் முறிந்தது, காலும் முறிந்தது. முறிவு வைத்தியர் பத்துப் போட்டுச் சிம்பு வைத்துக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். உன்னை வீணாகப் பயப்படுத்தக்கூடாது என்று உனக்கு அறிவிக்கவில்லை. இப்போது நீ என்னைப் பயப்படுத்திவிட்டாய்.

உன் கடிதம் இன்று பின்னேரம்தான் என் கைக்கு வந்தது. காலையிலே தபால்காரரிடம் வாங்கிச் சந்தைப் பைக்குள் வைத்து, அதன் மேலே கத்தரிக்காயைப் போட்டு, அம்மா மறந்துவிட்டாள். சிரித்துக்கொண்டுதான் வாசிக்கத் தொடங்கினேன். பாதியில் நிறுத்தி முதல் வரியிலிருந்து திரும்ப வாசித்தேன். அம்மா பார்த்துவிட்டாள்.

"என்ன, மூஞ்சி வெளிறிப் போச்சு? புள்ளைக்கு என்னவும் வருத்தமா?"

"புள்ள நல்லா இரிக்கான்."

"பின்ன என்ன?"

"அவன் ஒரு நல்ல காரியம் செஞ்சிரிக்கான். அதுதான் பயமா இரிக்கு."

முறிவு காலோடு நிற்கவில்லை, தலைக்கும் ஏறிவிட்டது என்பதுபோல் என்னைப் பார்த்தாள். உன் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டுப் போய் அடுப்பை அணைத்தாள். அதற்குள் தபால் கந்தோர் பூட்டிவிட்டார்கள். நாளைக்கு அது திறந்து, நான் தந்தி கொடுத்து, அது உன்னிடம் வருமுன் பொலநறுவை பஸ் உன் ஆலை வாசலைக் கடந்துவிடும். ஆகவே பின் வளவில் குடியிருக்கிற, அந்த பஸ்ஸின் சாரதி செல்லையாவிடம் இதைக் கொடுக்கிறேன். உன் கையில்தான் கொடுக்க வேண்டும், காவல்காரனிடம் கொடுக்கக்கூடாது என்று அம்மா அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

நீ எழுதியதையே உனக்குத் திருப்பி எழுதுகிறேன். நான் வாசித்தபடி நீயும் ஒருதரம் வாசித்துப் பார்.

கூட்டுறவுச் சங்கத்துக்காக நீ நடத்துகிற அரிசி ஆலையில் நெல் அவிக்கிற கொதிகலனுக்கு நெருப்புப் போடுகிறவர் ஆதம்பாவா. ஓட்டமாவடிக்காரர், வேலையில் சுத்தம், வாய் ஓயாத மனுஷன். பிள்ளைப்பேற்றில் அவருடைய மனைவி போய்ச் சேர்ந்த பிறகு நெருப்பைப் பார்த்தபடி மறந்துபோய் நிற்கத் தொடங்கினார். ஒருநாள் நீராவி அளவுக்கு மேலே ஏறி, நீ ஓடிப்போய்த் திறந்துவிட வேண்டியதாயிற்று. கொதிகலனடியில் நினைவு தப்பி ஒருவர் நின்றால் எல்லோருடைய உயிருக்கும் ஆபத்து. அவரை நீ அங்கேயிருந்து எடுத்தது சரி. அதில் எனக்கு ஒரு குறையுமில்லை. ஆனால் பிறகு எழுதியிருக்கிறாய்: 'பாவம், கொஞ்ச நாளைக்கு நிம்மதியாக இருக்கட்டும் என்று ஆலையிலேயே லேசான வேலையைக் கொடுத்தேன் அப்பா. ஆற்றங்கரைக் கொட்டிலில் தண்ணீர் இறைக்கிற எஞ்சினைக் காலையில் போட்டுப் பின்னேரம் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். ஒருவரும் கரைச்சல் கொடுக்கமாட்டார்கள். படுக்கையும் அங்கேதான். பூட்டுக்குத் திறப்பு ஒன்றே ஒன்று, அதையும் அவரிடமே கொடுத்துவிட்டேன்.'

படுக்கை ஏன் அங்கே என்று நீ யோசித்தாயா? நம்மிலும் சரி, முஸ்லிம்களிலும் சரி, இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. கல்யாணம் முடித்த ஆண் ஒரு பெட்டியோடு அந்த வீட்டுக்குள் போகிறான். அவள் போய்விட்டால் அந்தப் பெட்டியை எங்கே வைப்பது என்று அவனுக்கே தெரியாது. யாரும் அவனைப் போகச் சொல்லமாட்டார்கள். மாமியார் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு சோறும் போடுவாள். ஆனாலும் முற்றத்தில் செருப்பைக் கழற்றும்போது விருந்தாளிபோல் ஒரு கூச்சம் வரும். உன் அம்மா எனக்கு முன்னே போய்விட்டால் இந்த வீட்டில் நானும் விருந்தாளிதான். அதனால்தான் அவளை மரத்தில் ஏறவிடாமல் நானே ஏறுகிறேன்.

இன்னும் எழுதியிருக்கிறாய். முந்தி வம்பளந்த மனுஷன் இப்போது சத்தமில்லாத தங்கமாகிவிட்டார் என்று. 'இனி எனக்கென்னத்துக்கு' என்று சைக்கிளை மச்சினனுக்குக் கொடுத்துவிட்டார் என்று. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வெளுத்த சட்டையோடு உன் கந்தோருக்கு வந்து, "நான் ஒங்களுக்கு ஏதும் பிழ செஞ்சிருந்தாப் பொருந்திக்கோங்க, மனேச்சர்" என்றாராம். நீ சிரித்து, "ஹஜ்ஜுக்கு எப்ப பயணம் காக்கா?" என்று கேட்டாயாம். அவரும் சிரித்தாராம்.

மகன், அவர்களிடையே அப்படி மன்னிப்புக் கேட்பதற்குக் காலம் உண்டு. பெருநாளில் கேட்பார்கள். மக்கத்துக்குக் கப்பலேறுமுன் கேட்பார்கள். சாகக் கிடக்கும்போது கேட்பார்கள். பெருநாளும் இல்லை, கப்பலும் இல்லை. மிச்சம் என்ன இருக்கிறது என்று நீ எண்ணிப் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். நானே அப்படிச் சிரித்திருக்கிறேன். இதை உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. அம்மாவும் சொல்லியிருக்கமாட்டாள்.

நீ அப்போது அம்மாவின் இடுப்பைவிட்டு இறங்காத பிள்ளை. வாவிக்கரை மரக்காலையில் எனக்கு மரம் அறுக்கிற வாள் இழுக்கிற வேலை. அப்போதே நான் பகிடிக்காரன். என் பகிடிக்குச் சிரிக்காதவன் ஒருவன்தான், அவனுக்குக் காது கேட்காது. பெருவெள்ளம் வந்து வடிந்த வருஷம் எனக்கு அது வந்தது. 'அது' என்றுதான் சொல்ல முடியும். பேர் தெரிந்தால் எழுதுவேன். வெள்ளத்தில் எனக்கு ஒன்றும் போகவில்லை. வீடு நின்றது, மாடு நின்றது, நீயும் அம்மாவும் கோயில் மேட்டில் பத்திரமாக இருந்தீர்கள். ஒரு காரணம் இருந்திருந்தாலாவது வெட்கமில்லாமல் அழுதிருப்பேன். சோறு மரத்தூள்போல் இருந்தது. மரத்தூளின் ருசி எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால் இது உவமானமில்லை. விடியும்போது இன்னொரு நாளா என்று இருக்கும். பகிடி நின்றுபோயிற்று.

அதற்கு ஊர் என்ன செய்தது தெரியுமா? சந்தோஷப்பட்டது. மாமா, "மச்சான் இப்பதான் மனுசனாகிரிக்கார்" என்றார். கோயிலில் நான் பின்வரிசை வாங்கில் இருந்து கிசுகிசுக்காமல் பூசை கண்டேன் என்று சுவாமியார் அம்மாவைப் பாராட்டினார். அம்மா என் வாய் அடங்க வேண்டுமென்று அந்தோனியாருக்கு நேர்ந்திருந்தாளாம். நேர்த்தி பலித்துவிட்டது என்று மெழுகுதிரி கொளுத்தினாள். ஒரு மனிதன் உள்ளே அவிந்துகொண்டு போகிறான், அவனைச் சுற்றி எல்லோரும் அவன் திருந்திவிட்டான் என்று மகிழ்ந்துகொண்டிருக்கிறார்கள். 'சத்தமில்லாத தங்கம்' என்று நீ எழுதிய இடத்தில் நான் ஏன் நிறுத்தினேன் என்று இப்போது விளங்குகிறதா?

மரக்காலையில் எங்களுக்குப் பெரியவர் லாரன்ஸ் பாஸ். பறங்கி மனுஷன், பெரிய வயிறு, அதைவிடப் பெரிய குரல். நான் மரத்தில் போட்ட கோட்டை விட்டு விலகி அறுப்பதை அவர் கண்டார். ஒருதரம் விரலும் தப்பிப் பிழைத்தது. அவர் என்னை ஏசவில்லை. தோளில் கையை வைத்து, "உனக்குக் களைப்புடா. லேசான வேலையொண்டு தாறன். தெப்பத்தடியில போய் ஓய்வா இரி" என்றார். வாவிக்கு அக்கரையான படுவான்கரையிலிருந்து மரங்களைத் தெப்பமாகக் கட்டி வாவி வழியே கொண்டுவந்து கரையோரத்தில் கட்டி வைப்பார்கள். அதற்குக் காவலாகத் தண்ணீருக்கு மேலே கம்பு நட்ட ஒரு பரண். மற்றவர்களுக்கு எரிச்சல். "மச்சானுக்கு மாமியார் வீட்டு விருந்து" என்றார்கள். மகன், இதில் கெட்டவன் ஒருவனும் இல்லை. அதுதான் என்னைப் பயப்படுத்துகிறது. கெட்டவன் இருந்திருந்தால் அவனோடு சண்டை பிடித்தாவது நேரம் போயிருக்கும்.

அந்தப் பரணில் நானும் வாவியும்தான். ஆளோடு இருக்கும்போது மனம் சொல்லுகிற விசர்க்கதைக்கு இடையில் யாராவது சுண்ணாம்பு கேட்பான், யாராவது தும்முவான், கதை அறுந்துபோகும். தனியே இருந்தால் அறுப்பதற்கு ஆளில்லை. நீ இல்லாவிட்டால் அவர்களுக்கு நல்லது என்று மனம் ஒருநாள் சொல்லிற்று. மறுநாளும் அதையே சொல்லிற்று. பிறகு நான் அதற்குத் தலையாட்டத் தொடங்கினேன். தலையாட்டியதும் ஒரு நிம்மதி வந்தது, அதைத்தான் நம்பக்கூடாது. ஊருக்குச் சிரித்த முகம் காட்டினேன். வாள் தீட்டுகிற என் அரத்தை ஏறாவூர் இஸ்மாலெவ்வையிடம் கொடுத்து, வைத்துக்கொள் என்றேன். அவனும் நானும் ஒரே வாளின் இரண்டு பக்கம் இருந்தவர்கள்.

அந்த இஸ்மாலெவ்வை அரத்தை வாங்கிக்கொண்டு நேரே லாரன்ஸ் பாஸிடம் போயிருக்கிறான். "ஐயா, வாள்காரன் பொண்டாட்டிய அடகு வெச்சாலும் அரத்தக் குடுக்கமாட்டான். இவன் சும்மா தந்திட்டான். எனக்குப் பயமா இரிக்கி."

பாஸ் மத்தியானச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு வந்தார். அவர் சாப்பாட்டை விட்டெழும்பியதை அதற்கு முன்னோ பின்னோ யாரும் கண்டதில்லை. நான் அப்போது பரணில் இல்லை. தெப்பத்தில் நடந்து கடைசி மரத்தில் நின்றேன். அவர் ஓடவில்லை, கத்தவுமில்லை. சப்பாத்தோடு தெப்பத்தில் கால் வைத்தார். தெப்பம் முழுக்கச் சரிந்தது. "கயித்துத் தலைப்பப் பிடிடா" என்று ஒரு கயிற்றை எறிந்தார். "இந்த மரத்த அளக்கோணும்." அது ஏற்கெனவே அளந்த மரம், அடையாளமும் போட்டிருந்தது. பழக்கத்தில் கை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு மரமாக அளந்தபடி கரைக்கு வந்தோம். கரையில் இருத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்.

"டேய், சாகவா நினைச்ச?"

அதுவரை எல்லோரும் என்னிடம், "என்ன ஒரு மாதிரி இரிக்காய், சாப்பிட்டியா, கண்ணூறா" என்றெல்லாம் கேட்டார்கள். ஒருவரும் இதைக் கேட்கவில்லை. நான், "ஓம் ஐயா" என்றேன். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. அவர் என்ன உபதேசம் செய்தார் என்று நினைக்கிறாய்? "எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியா. ஆனா இண்டைக்கு நீ என்னை விட்டிட்டு ஒரு இடமும் போக ஏலா" என்றார். பிறகு, "உன்னைத் தனிய விட்டது என்ட பிழை" என்றார். அந்தக் காலத்தில் ஒரு பெரியவர் தொழிலாளியிடம் அப்படிச் சொல்வதைக் கேட்ட அதிர்ச்சியிலேயே பாதி தெளிந்துவிட்டேன் என்று பகிடியாகச் சொல்லலாம். ஆனால் தெளியவில்லை. மாதக்கணக்காக வந்தும் போயும் இருந்தது.

அன்று அவர் என்னோடு வீட்டுக்கு வந்து எனக்கு முன்னாலேயே அம்மாவிடம் சொன்னார். ஒளித்துச் சொல்லவில்லை. அம்மா கத்தவில்லை. "நான் மெழுகுதிரி கொளுத்தினேனே" என்றாள், திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். மாமா பேயோட்டுகிற கட்டாடியாரைக் கூட்டிவர ஓடினார். நூல் கட்ட வேண்டும், இது வாவிக்கரைச் சாமான் என்றார். பாஸ் தடுக்கவில்லை. "கட்டாடியும் பாக்கட்டும், டாக்குத்தரும் பாக்கட்டும். ரெண்டு பேரும் கைவிட்டா நான் பாக்கிறன்" என்றார். மறுநாள் ஆஸ்பத்திரி வாங்கில் தன் முழு உடம்போடும் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். டாக்குத்தர் உள்ளே கூப்பிட்டபோது, "நானும் வரட்டா?" என்று என்னைக் கேட்டார். கேட்டுவிட்டுத்தான் வந்தார். குளிசை தந்தார்கள். கிழமைக்கு ஒருதரம் வரச் சொன்னார்கள். இஸ்மாலெவ்வை அரத்தைத் திருப்பிக் கொண்டுவந்து, "இதால தீட்டின வாள் முடி கூட அறுக்காது, நீயே வெச்சுக்க" என்று முகத்தில் எறியாத குறையாகத் தந்தான்.

வேலைக்குத் திரும்பியபோது பாஸ் என்னைப் பெரிய வாளின் ஒரு பக்கத்தில் விட்டு, மறுபக்கத்தைத் தானே பிடித்தார். அந்த வாளை ஒருவனால் இழுக்க முடியாது. நீ இழுத்தால் நான் விட வேண்டும், நான் இழுத்தால் நீ விட வேண்டும். மனம் எங்கே போனாலும் மறுமுனையில் ஒருவன் இழுப்பான், நீ திரும்பி வந்தே ஆக வேண்டும். வாளை விட்டு வருஷக்கணக்கான பாஸ் வேர்த்து ஒழுகினார். "விசரனோட வாள் இழுத்தா ஐயாவுக்கும் பிடிக்கும்" என்று ஒருவன் சொன்னான். "எனக்கு எப்பயோ பிடிச்சிட்டுது. இல்லாட்டி உன்னையெல்லாம் வேலைக்கு வெச்சிருப்பனா?" என்றார். அதற்கு நான் சிரித்தேன். வெகு நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு, இருமல்போல் வந்தது.

மகன், உன்னைக் கொழும்புக்கு அனுப்பி மனேச்சர் வேலை படிப்பித்தார்கள். நீ கொண்டுவந்த பாடங்களை நானும் எழுத்துக்கூட்டி வாசித்தேன். ஒருவன் வேலைக்கு வராவிட்டால் என்ன செய்வது, பிந்தி வந்தால் என்ன செய்வது, களவெடுத்தால் என்ன செய்வது எல்லாம் இருந்தது. ஒவ்வொரு நாளும் நேரத்துக்கு வந்துகொண்டே இல்லாமல் போகிறவனை என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை. படிப்பித்தவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் ஒருவரும் படிப்பித்திருக்கமாட்டார்கள். எட்டாம் வகுப்போடு நின்ற நான் இன்றைக்கு உனக்கு வகுப்பெடுக்க வேண்டியதாயிற்று. கால் கட்டியிருப்பதால் வாத்தியார் ஓட முடியாது, நீயும் ஓடாதே.

அவரிடம் நேராகக் கேள். கேட்டால் இல்லாத நினைப்பை நாமே ஊட்டிவிடுவோமோ என்று பயப்படுவாய். நினைப்பு உள்ளே ஏற்கெனவே சம்மணம் கொட்டி உட்கார்ந்திருக்கிறது. நீ கேட்பதால்தான் அது கொஞ்சம் எழும்பும். ஓம் என்று சொன்னால் திடுக்கிடாதே, திடுக்கிட்டாலும் எழும்பிப் போகாதே. 'மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள், எல்லோருக்கும் வருவதுதானே' என்று சொல்லாதே. பகிடி சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்க்காதே. நான் பின்னாளில் மேஸ்திரியானபோது, மகனை இழந்த ஒரு மனுஷனுக்கு அன்று முழுவதும் பகிடி சொன்னேன். பின்னேரம் அவர், "தம்பி, உனக்காகச் சிரிச்சுச் சிரிச்சுக் களைச்சுப்போனன்" என்றார். அன்றைக்கு நான் வெட்கப்பட்டதுபோல் முருங்கையிலிருந்து விழுந்தபோதுகூட வெட்கப்படவில்லை.

அவருக்கு லீவு கொடுத்து வீட்டுக்கு அனுப்பாதே. எந்த வீட்டுக்கு? கொதிகலனடிக்கும் இப்போது வேண்டாம். சாக்கு நிரப்புகிற இடத்தில் விடு. வாயைப் பிடிக்க ஒருவர், அரிசி கொட்ட ஒருவர், இருவர் இல்லாமல் அந்த வேலை ஓடாது. முதல் நாள் மறுபக்கத்தில் நீயே நில். மனேச்சர் சாக்குப் பிடித்தால் மானம் போகாது, சட்டைதான் தூசாகும். வாழைச்சேனை ஆஸ்பத்திரிக்கு நீயே கூட்டிக்கொண்டு போ, வாங்கில் பக்கத்தில் இரு. அவர்களில் பரிசாரியோ லெவ்வையோ வந்து ஓதிப் பார்க்க விரும்பினால் மறிக்காதே. அவர் மாமியாரிடம் அவருக்கு முன்னாலேயே சொல்லு. அந்தத் தாய் மகளைப் பறிகொடுத்தவள், மருமகன் ஏன் வீட்டுப் பக்கம் வருவதில்லை என்று அவளும் எதையோ நினைத்து வெந்துகொண்டிருப்பாள். ஆலை முழுக்கச் சொல்லாதே. ஆனால் அவருக்கு ஓர் இஸ்மாலெவ்வை அங்கே இருப்பான், சாக்குக்காரனோ சமையல்காரனோ, அவனைத் தேடிப் பிடி. சைக்கிளை வாங்கிய மச்சினனிடம் அதைத் திருப்பி வாங்கு. துரு பிடித்த சைக்கிள், நீ வைத்துக்கொள் என்று அவன் முகத்தில் எறிகிற மாதிரித் தந்தால் இன்னும் நல்லது.

இனி எழுதப் பயமாக இருக்கிற ஒன்றை எழுதுகிறேன். நான் பிந்திவிட்டேன் என்றால். நீ கொட்டிலுக்குப் போனபோது அங்கே ஒருவரும் இல்லை என்றால். மகன், அப்படியென்றால் உன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தாதே. ஆலையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுச் செல்லையாவின் பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வா. இரக்கப்பட்டுச் செய்தாய், தெரியாமல் செய்தாய். லாரன்ஸ் பாஸும் அதையேதான் செய்தார், அவருக்கு ஒரு மத்தியானம் கிடைத்தது. உனக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்று அம்மா செபமாலையை உருட்டிக்கொண்டிருக்கிறாள். கிடைக்காவிட்டாலும் நீ எங்கள் பிள்ளை.

ஏனென்றால் அவருக்காக மட்டும் பயப்படுகிறேன் என்றால் அது பொய். முந்தி உன் கடிதம் வந்தால் அயல் கூடிச் சிரிக்கும். சங்கத் தலைவர் தும்முவதைக்கூட எழுதுவாய். இந்த வருஷக் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். 'சுகம். வேலை கூட. காசு அனுப்பியிருக்கிறேன்.' இந்தக் கடிதத்தில் இருந்த ஒரே பகிடி ஹஜ்ஜுப் பகிடிதான். ஆலைக்குப் பின்னால் உனக்குத் தனி அறை தந்தார்கள் என்று நாங்கள் ஊரெல்லாம் பெருமை பேசினோம். ஒருவரும் கரைச்சல் கொடுக்கமாட்டார்கள் என்று நானே சொன்னேன். நானும் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். ஆகவே பாஸ் என்னைக் கேட்டதை நானும் உன்னைக் கேட்கிறேன். நினைத்தாயா? ஓம் என்றாலும் இல்லை என்றாலும் எழுது. எழுத ஏலாவிட்டால் வந்து சொல்லு. அம்மாவுக்கு முன்னால் சொல்லு. இது எனக்கு வந்த வருத்தம், என் கண்ணும் என் மூக்கும் உனக்கு இருப்பதுபோல் இதுவும் இருக்கலாம். இருந்தால் வெட்கப்படாதே. அந்த மூக்கைவிட இது மோசமில்லை.

பஸ் பொலநறுவையிலிருந்து திரும்பும்போது செல்லையா உன் வாசலில் ஹோர்ன் அடிப்பான். எஞ்சின் கொட்டிலின் அந்த ஒரே திறப்பை ஆதம்பாவாவின் கையாலேயே வாங்கி அவனிடம் கொடுத்தனுப்பு. ஆலைக்குத் தண்ணீர் வேண்டாமா என்று கேட்பாய். பூட்டை உடைத்துவிட்டு இரண்டு பேரை அனுப்பு, பூட்டில்லாமலும் எஞ்சின் ஓடும். இனி அந்தக் கொட்டிலில் ஒருவர் தனியே உள்ளே இருந்து பூட்டக்கூடாது. திறப்பு எங்கே என்று சங்கம் கேட்டால், மனேச்சரின் தகப்பன் ஒரு விசரன், வாங்கிக்கொண்டு போய்விட்டான் என்று சொல்லு. பொய்யும் இல்லை.

நாளைப் பின்னேரம், அதாவது நீ இதை வாசிக்கிற அன்றே, நான் பஸ் நிலையத்தில் இருப்பேன். காலைத் தூக்கி மாட்டுக் கரத்தையில் வைக்க அம்மாவும் மாமாவும் வருகிறார்கள். வைத்தியர் அசையக்கூடாது என்றார், அவரும் முருங்கை முறியும் என்று சொன்னவர்களின் கட்சிதான். திறப்போடு நீங்கள் இரண்டு பேரும் வந்து இறங்கினால் அம்மா சோறு கூடப் போட்டுத்தான் வைத்திருப்பாள். திறப்பு மட்டும் வந்தாலும் போதும். பஸ் நின்றதும் நான் செல்லையாவின் முகத்தைப் பார்க்கமாட்டேன், எனக்கு அவ்வளவு தைரியமில்லை. கண்ணை மூடிக்கொண்டு கையை மட்டும் நீட்டுவேன். அதில் இரும்பு ஏதாவது விழ வேண்டும், மனே.

அப்பா